அளக்கும் கைக்கு யார் முத்திரை போடுவது?

நான்கு மாதக் குழந்தையிடம் "கையைத் தூக்கு கண்ணு" என்று சொன்னால் தூக்குமா? "என் காலுக்கு வலுவில்லை" என்று அது வாய் திறந்து சொல்லுமா? அதற்காக யாரோ ஒருவர்தான் பார்த்து, தொட்டு, அளந்து சொல்லியாக வேண்டும். அவர் சரியாகப் பார்த்தாரா? நாளைக்கு வேறொருவர் பார்த்தாலும் அதே விடை வருமா? இந்தக் கேள்வியை மருத்துவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிட்டோம். நான் இதை ஒழுக்கத்தின் கேள்வி என்கிறேன். மறுத்துப் பேச முடியாத ஓர் உயிரைப் பற்றி அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதைவிடக் கொடிய அநீதி எது?

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கிளியூர் என்றால் அருவி. முந்நூறு அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் மனிதர்களும் வாழ்கிறார்கள். காப்பித் தோட்டத்துக்கும் மிளகு பறிக்கவும் கூலிக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வீட்டில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகம் தெளிவாக இருக்கிறது. கண் ஆளைத் தேடுகிறது, சிரிக்கிறது. மூன்று மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை. கால் இரண்டும் வெளிப்பக்கமாகச் சரிந்து பாயோடு கிடக்கின்றன. மூச்சு இழுக்கும்போது வயிறு எழும்புகிறது, நெஞ்சு உள்ளே போகிறது. அழுகைச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்பதில்லை.

இந்தக் குழந்தை என் கற்பனைதான். நோய் கற்பனையில்லை. முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு என்று பெயர்; ஆஸ்பத்திரியில் எஸ்.எம்.ஏ. என்பார்கள். 1891இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வெர்ட்னிக்கும், அதை அடுத்து ஜெர்மனியில் ஹோஃப்மனும் எழுதிவைத்த நோய் இது. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள எஸ்.எம்.என்.1 என்ற மரபணுதான் காரணம் என்று 1995இல் பிரான்சில் ஜூடித் மெல்கியின் குழு கண்டுபிடித்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்பது உலகக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. வகுத்துப் பாருங்கள். இதன் கடுமையான முதல் வகையில், மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்குள் இறந்துவிடும், அல்லது மூச்சுக்கருவியோடு கட்டுண்டு கிடக்கும்.

அந்த வீட்டில் முதலில் என்ன நடக்கும்? "உரம் விழுந்திருக்கு" என்பார் ஒரு பாட்டி. புடவையில் போட்டு இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துக் குழந்தையைப் புரட்டி எடுப்பார்கள். கழுத்து நிற்காத, மூச்சுத் தசை தளர்ந்த குழந்தையை! இன்னொருவர் தொக்கம் எடுக்கச் சொல்வார். மலைக்காரர்களின் மூடநம்பிக்கை என்று சமவெளியில் இருப்பவர்கள் உதட்டைப் பிதுக்க வேண்டாம். பட்டப்படிப்பு படித்த குடும்பம் சேலத்தில் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலாரிஷ்ட தோஷத்துக்குப் பரிகாரம் கேட்கிறது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு" என்று பொறியாளர் வீட்டிலும் சொல்கிறார்கள். சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் தாயை நான் பழிக்க மாட்டேன். அவளுக்குப் பதில் சொல்ல வேறு யாரும் அங்கே இல்லை. அந்த வெற்றிடத்துக்குப் பொறுப்பானவர்கள்மீதுதான் என் கோபம்.

பழி யார்மேல் விழுகிறது? தாயின்மேல். "உன் வயித்துல வந்த கோளாறு." இது அறக்கேடு மட்டுமன்று, கணக்கும் தப்பு. பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைத் தாங்கியிருந்தால்தான் இந்த நோய் பெரும்பாலும் வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சரிபாதி. சொந்தத்தில் கட்டினால்தான் வரும் என்பதும் இல்லை. உலகில் நாற்பதிலிருந்து அறுபது பேருக்கு ஒருவர் தெரியாமலே இதைத் தாங்கித் திரிகிறார். ஆனால் தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணம் 28 விழுக்காடு என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இந்தியாவிலேயே அதிகம். மாமன் மகளைக் கட்டுவதால் சொத்து வெளியே போகாது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள் மரபணுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் என்ன?

வீட்டைச் சொன்னேன். ஆஸ்பத்திரி மட்டும் யோக்கியமா? மார்கழிப் பனியில் ஏற்காட்டில் ஒரு கைக்குழந்தையை எப்படிக் கொண்டுவருவார்கள்? குல்லா, ஸ்வெட்டர், காலுறை, அதன்மேல் ஒரு கம்பளி. வரிசையில் அறுபது பேர் நிற்கிறார்கள். அவசரத்தில் இருக்கிற டாக்டர் கம்பளிக்கு வெளியே தெரியும் முகத்தைப் பார்க்கிறார். முகமோ தெளிவான முகம். எடை போடுகிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள், அட்டையில் "வளர்ச்சி இயல்பு" என்று எழுதியாகிவிட்டது. கால் அசைந்ததா என்பதைக் கம்பளி மறைத்துக்கொண்டது. துணியை விலக்கிக் குழந்தையை முழுதாகப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மறுத்துவிட்டு எழுதும் "இயல்பு" என்ற சொல், தாயத்துக் கட்டுகிறவர் சொல்லும் "சரியாகிவிடும்" என்ற சொல்லைவிட எந்த வகையில் பகுத்தறிவானது?

ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் உடல்நலத் திட்டம் 2013இல் வந்தது. அங்கன்வாடிக் குழந்தைகளை நடமாடும் குழு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்க்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் முதல் வகை எஸ்.எம்.ஏ. குழந்தைக்கு இரண்டு வருகைக்கு நடுவிலுள்ள ஆறு மாதம் என்பது என்ன? தசையை ஆளும் நரம்புச் செல்களில் பெரும்பகுதியை இழந்து முடிக்கும் காலம்.

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். இதில்தான் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் கிளான்ஸ்மன் என்ற பிசியோதெரபிஸ்டும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சாப் இன்டெண்ட் என்று பெயர். தசை தளர்ந்த கைக்குழந்தைகளுக்காகவே செய்தது. அதுவரை இருந்த சோதனைகளில் பல, நல்ல உடல்நிலையுள்ள குழந்தை எப்போது உட்காரும், எப்போது தவழும் என்று கேட்பவை. அவற்றில் இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பூஜ்யம்தான். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை யாராவது காண வேண்டாமா? கழுத்தைத் தூக்க முடியாத குழந்தை விரலை இறுக்கிப் பிடிக்கிறது என்றால் அது ஒரு செய்தி இல்லையா?

பதினாறு அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 64. கெட்டியான விரிப்பில் டயப்பர் மட்டும் போட்டுக் குழந்தையைப் படுக்கவைக்க வேண்டும். கடைசியாகப் பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று எழுத வேண்டும். குழந்தை விழித்திருக்க வேண்டும். அழவும் கூடாது, தூங்கி வழியவும் கூடாது. பொம்மையைக் கண்முன் காட்டித் தலை திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். பக்கவாட்டில் படுக்கவைத்தால் மேல்கையை உடம்பைத் தாண்டி முன்னே கொண்டுவருகிறதா? கையைப் பிடித்து மெல்லத் தூக்கும்போது முழங்கை மடங்குகிறதா? குப்புற ஏந்திப் பிடித்து முதுகெலும்பின் ஓரமாக விரலை ஓட்டினால் முதுகு அந்தப் பக்கம் வளைகிறதா? இரண்டு பக்கமும் பார்த்து, நன்றாகச் செய்த பக்கத்துக்கு மதிப்பெண். குழந்தைக்குச் சாதகமான விதி இது. குழந்தையால் எது முடியும் என்று தேடுகிற சோதனை.

பயிற்சி பெற்ற பலர் ஒரே குழந்தைகளை இந்த முறையில் அளந்தபோது விடைகள் பெரிதும் ஒத்துப்போயின. முழு ஒப்புமைக்கு 1 என்றால் இங்கே 0.9க்கு மேல். பாராட்டத்தக்கது. ஆனால் அந்த எண் சின்ன எண்ணிக்கையிலான குழந்தைகளிடம், பழகிய கைகள் அளந்து கிடைத்தது. தாளை நகலெடுத்து உலகெங்கும் அனுப்பலாம். அந்தக் கைகளை நகலெடுக்க முடியாது. நம்பகத்தன்மை தாளில் அச்சாகி வருவதில்லை. அளக்கிற ஆளிலும், அறையிலும், வேளையிலும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

கிளியூர்க் குழந்தையைச் சேலத்துக்குக் கொண்டுபோவோம். விடியும் முன்னே எழுப்பி, ஏற்காடு வரை வந்து, பஸ் பிடித்து, முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். மேலே குளிர், கீழே வெயில். வழியில் வாந்தி. பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போட ஒரு வரிசை, பார்க்க ஒரு வரிசை. கூப்பிடும்போது மணி பன்னிரண்டு. குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிட்டது. தட்டி எழுப்பி அளக்கிறார்கள். வந்த எண் 22. எதை அளந்தார்கள்? தசையையா, பஸ் பயணத்தையா? அடுத்த மாதம் உறவுக்காரர் ஒருவர் காரில் கொண்டுபோய்விட, குழந்தை நல்ல தூக்கம் தூங்கிப் பால் குடித்துப் போகிறது. வேறொரு பிசியோதெரபிஸ்ட் அளக்கிறார். 27. மருந்து வேலை செய்கிறதா? மந்திரித்தது பலித்துவிட்டதா? கார் நன்றாக ஓடியது என்பதைத் தவிர இந்த இரண்டு எண்களும் வேறு எதையாவது சொல்கின்றனவா?

ஐந்து மதிப்பெண் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். முதல் வகைக் குழந்தைகளை மருந்தில்லாமல் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதில் குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக இழந்தது 1.27 மதிப்பெண். நூசினெர்சென் என்ற மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வில் நான்கு மதிப்பெண் கூடினால் முன்னேற்றம் என்று வைத்தார்கள். ஒரு பஸ் பயணமும் ஒரு பசியும் நான்கு மதிப்பெண்ணைத் தின்னுமென்றால், அந்த அளவை வைத்து மருந்தை நிறுத்துவதும் தொடர்வதும் சூதாட்டம் இல்லாமல் வேறென்ன?

2017இல் வெளியான அந்த ஆய்வை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். 121 கைக்குழந்தைகள். சிலருக்கு முதுகுத்தண்டில் மருந்து ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாமல் முதுகில் ஊசியால் லேசாகக் குத்திப் பிளாஸ்திரி மட்டும் ஒட்டினார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது; அளந்தவர்களுக்கும் தெரியாது. ஏன் இந்தக் கெடுபிடி? அளந்தவர்கள் பொய்யர்கள் என்றா? இல்லை. அவர்கள் நல்லவர்கள், குழந்தை பிழைக்க வேண்டும் என்று தவிப்பவர்கள். அந்தத் தவிப்புதான் ஆபத்து. இந்தக் குழந்தைக்கு மருந்து போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பாதி தூக்கிய கையை முழுதாகத் தூக்கியதாகக் கண் எழுதிவிடும். முடிவு என்ன? மருந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் நான்கு மதிப்பெண்ணாவது முன்னேறினார்கள். பெறாதவர்களில் 3 விழுக்காடு. யாரும் தட்டிக்கேட்க முடியாத விடை. ஆசைக்குக் கதவைச் சாத்திவிட்டுப் பெற்ற விடை என்பதால்தான் அது நிற்கிறது.

மருந்து பெறாத அந்தக் குழந்தைகளை நினைத்து எனக்கு மனம் கனக்கிறது. இடையிலேயே பலன் தெளிவானதும் ஆய்வை முன்கூட்டியே முடித்து, எல்லோருக்கும் மருந்து திறந்துவிடப்பட்டது. ஒரு சாட்சியத்துக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறது மனிதகுலம். அதற்குப் பிறகும் "எங்க ஊர் சாமியார் தொட்டதும் கையைத் தூக்கிருச்சு" என்ற பேச்சுக்கும் அதே மதிப்பைக் கொடுக்கலாமா? சாமியார் தொடுவதற்கு முன் அளந்தது யார்? பிறகு அளந்தது யார்? ஆளறியாமல் அளந்தார்களா?

பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் நண்பர்களே, உங்களிடமும் எனக்கொரு வழக்கு உண்டு. 1944இல் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டிய மாநாடு கூடிய சேலம் இந்த மலையின் அடியில்தான் இருக்கிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. சாமியை விட்டுவிட்டு எண்ணைக் கும்பிடத் தொடங்கிவிட்டோமா? "ஸ்கோர் 22" என்று ஒரு தாளில் இருந்தால் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்பதும் பக்திதான். யார் அளந்தது, எத்தனை மணிக்கு, பால் குடித்த பிறகா, முன்பு அளந்தவரேதானா என்று கேட்காதவரை நமக்கும் குறி கேட்பவருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

எண்ணுக்கு இப்போது பணபலமும் சேர்ந்துவிட்டது. ஒரே தடவை போடும் மரபணு மருந்தான சோல்ஜென்ஸ்மாவின் விலை 2021இல் ஏறத்தாழ 16 கோடி ரூபாய். அந்த ஆண்டில் மகாராஷ்டிரம், கேரளம், நம் தமிழ்நாடு என்று அடுத்தடுத்துக் குழந்தைகளுக்காக மக்கள் காசு சேர்த்தார்கள். ஒன்றிய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. கொடுத்தவர்களின் மனசை நான் வணங்குகிறேன். ஆனால் எந்தக் குழந்தைக்குக் காசு சேர்ந்தது? யாருடைய வீடியோ பரவியதோ அந்தக் குழந்தைக்கு. யாருடைய அப்பாவுக்குப் பேசத் தெரிந்ததோ, யாருடைய ஊரில் சிக்னல் கிடைத்ததோ அந்தக் குழந்தைக்கு. ஓர் உயிர் பிழைப்பதை லைக்கின் எண்ணிக்கை முடிவு செய்கிற ஊரை நாகரிகமான ஊர் என்று சொல்ல என்னால் முடியாது.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. அடுத்த ஆண்டு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தினார்கள். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதன் சிறப்பு மையங்களில் ஒன்று. தினமும் வாயில் கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் மருந்து ஒரு பாட்டில் ஆறு லட்சம் ரூபாய்க்கு விற்ற காலத்தில் 50 லட்சம் எத்தனை நாள் தாங்கும்? 2025 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்த மருந்தை வேறு யாரும் விற்கக் கூடாது என்று காப்புரிமை பெற்ற ரோஷ் கம்பெனி கேட்ட தடையை ஏற்கவில்லை. நாட்கோ கம்பெனி அதே மருந்தை 15,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. எந்த அற்புதமும் இல்லை. சட்டம், வேதியியல், விடாமல் வழக்காடிய மனிதர்கள். மருந்து எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அப்படியானால் அடுத்த கேள்வி கூர்மையாகிறது: யாருக்குக் கொடுப்பது, கொடுத்தது பலிக்கிறதா என்பதை நம்பகமாக அளக்கும் கைகள் எத்தனை மாவட்டங்களில் இருக்கின்றன?

கடைவீதியில் தக்காளி நிறுக்கும் தராசுக்கு அரசு முத்திரை போடுகிறது. முத்திரை இல்லாவிட்டால் அபராதம். அரைக் கிலோ தக்காளியில் ஐம்பது கிராம் குறைந்தால் நமக்குக் கோபம் வருகிறது, சண்டை போடுகிறோம். குழந்தையை அளக்கும் கைக்கு முத்திரை கேட்டு நாம் எப்போது சண்டை போட்டோம்?

கேட்க வேண்டியவை ஆகாயத்தில் இல்லை. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனையில் பயின்ற இரண்டு பிசியோதெரபிஸ்டுகள். ஒருவர் அளந்ததை மற்றவர் வீடியோவில் பார்த்துத் தனியாக மதிப்பெண் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஆண்டுதோறும் வெளியே சொல்ல வேண்டும். மலையிலிருந்து வரும் குழந்தைக்கு வந்த களைப்பு ஆறவும் பால் குடிக்கவும் ஓர் அறை, முன்கூட்டியே குறித்த நேரம். அதைவிட மேல், அளப்பவரே ஏற்காட்டுக்கு ஏறி வருவது. இருபது வளைவுகளை ஏறுவதற்குச் சம்பளம் வாங்கும் பெரியவர் இருக்கும்போது, தசை தளர்ந்த கைக்குழந்தை எதற்காக இறங்க வேண்டும்?

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் இந்த நோயைப் பிறந்த வாரமே சொல்லிவிடும். அமெரிக்கா 2018இல் இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. தைவான் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அறிகுறி தெரியும் முன்னே மருந்து பெற்ற 25 குழந்தைகளை ஓர் ஆய்வில் தொடர்ந்து பார்த்தார்கள். அனைவரும் உயிரோடு இருந்தார்கள், அனைவரும் தாமாக உட்கார்ந்தார்கள், பெரும்பாலோர் நடந்தார்கள். மரபணு நோய் என்றால் தலைவிதி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படிக்கட்டும்.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், தோட்டத்து லயத்தில் மூன்று மாதம் முடிந்தும் கழுத்து நிற்காத குழந்தை இருந்தால் துணியை விலக்கிப் பாருங்கள். கால் தரையை உதைக்கிறதா என்று பாருங்கள். உரம் எடுக்க விடாதீர்கள். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை தூங்கிப்போனாலும் அது சாட்சி சொல்லும். எஸ்.எம்.என்.1 பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மதிப்பெண் எழுதினால் எழுதியவர் பெயரையும் நேரத்தையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், இந்த நோயில் அடுத்த மாதத்துக்குள் இறந்துபோகும் நரம்புச் செல்களை எந்த மருந்தும் திரும்பக் கொண்டுவருவதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.